ஜன்னல் பெருசா இருந்தா போதுமா?

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஜன்னல் எவ்வளவு பெரிசு என்றுதான் பார்க்கிறார்கள். எதிர்ச் சுவரில் இன்னொன்று இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

காற்று மோதுகிற சுவரில் அழுத்தம் கூடும். கட்டடத்தின் பின்பக்கத்தில் குறையும். இந்த வித்தியாசம்தான் காற்றை வீட்டுக்குள் ஓடவைக்கிறது. வெளியேற வழியில்லாத அறைக்குள் அது பெரிதாக வராது. காலி பாட்டிலுக்குள் ஊதிப் பாருங்கள், புரியும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் 4 மடங்கு. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். தரைத்தளக்காரர்களின் புழுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னையில் கோடை மதியத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். மேற்குக் காற்று வலுத்த நாளில் தாமதமாகும். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துவிடும். கடற்காற்றை நம்பி வாங்கிய வீட்டுக்கு முன்னால் பத்தடியில் இன்னொரு அடுக்குமாடி எழும்பினால் கதை முடிந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்தினாலும் அப்படித்தான். பழைய வீடுகளில் கதவுக்கு மேலே காற்றுவழி விட்டிருப்பார்கள். ஏசி வந்ததும் அதை அடைத்துவிட்டோம், இதில் எனக்குக் கோபமே உண்டு. கொசுவலையும் கொஞ்சம் காற்றைத் தின்கிறது. ஆனால் அதைக் கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தயவுசெய்து வீடு பார்க்கக் காலை 10 மணிக்குப் போகாதீர்கள். கோடையில், பிற்பகல் 3 மணிக்குப் போங்கள். ஃபேனை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, நடு அறையில் ஒரு ஊதுபத்தி கொளுத்துங்கள். புகை அசையாமல் நேரே மேலே போனால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.