அத்தை வீட்டு அடுப்பும் சுண்ணாம்புச் சோளமும்

வெளிநாட்டுக்குப் போகும் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் படும் பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது! மெக்ஸிகோ நகரிலிருந்து பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கி, நானும் என் கணவரும் வஹாகா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். அதற்குள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று தின்று எங்கள் நாக்கு செத்துப் போயிருந்தது.

வஹாகா சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர். ‘மோலே’ என்று ஒரு குழம்பு. மிளகாயை வறுத்து, எள், பாதாம், கிராம்பு, பட்டை, கொஞ்சம் சாக்லெட்கூடச் சேர்த்து, இருபது சாமானுக்கு மேல் அரைத்துச் செய்கிறார்கள். தெருவெல்லாம் மணக்கிறது. ஆனால் அதைக் கோழி வேகவைத்த நீரில்தான் பெரும்பாலும் கொதிக்க வைப்பார்களாம். பயற்றை வதக்குவதுகூடப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான்!

விடுதியில் அறை பெருக்க வரும் பெண் என் முகவாட்டத்தைக் கவனித்துவிட்டாள். அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். “எங்க அத்தை வீட்டுக்கு வாங்கம்மா. கொழுப்பே போடாம செய்யச் சொல்றேன்” என்றாள்.

‘நவம்பர் 20’ என்று ஒரு பெரிய மார்க்கெட். அதற்குப் பின்னால் சந்துக்குள் சந்தாகப் போனோம். போர்டு கிடையாது, வெறும் பச்சைக் கதவுதான். தட்டியதும் திறந்தது. உள்ளே ஒரு முற்றம், நாலு மேஜை, மூலையில் விறகடுப்பு. “நம்ம வீட்டுப் புழக்கடை மாதிரியே இருக்கே!” என்றார் என் கணவர்.

அடுப்பின் மேல் வண்டிச் சக்கரம் போல அகலமான மண் தோசைக்கல் இருந்தது. அதை ‘கோமால்’ என்கிறார்கள். பக்கத்தில் மூன்று கால் வைத்த, சரிவான அம்மிக்கல். அத்தை அதன்முன் மண்டியிட்டு மாவை இழைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ வெள்ளை நீரைத் தோசைக்கல்லில் பூசினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இது என்ன, சுண்ணாம்பா?”

சுண்ணாம்பேதான்! மாவு கல்லில் ஒட்டாதிருக்க அது ஒரு உபாயமாம். “மாவுலயே சுண்ணாம்புப் பக்குவம் இருக்கே!” என்று சிரித்தபடி அத்தை ஒரு பானையைத் திறந்து காட்டினார். முதல் நாள் சாயங்காலம் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைத்து இறக்கி, ராத்திரி முழுவதும் அப்படியே ஊற விடுகிறார்கள். காலையில் பல தண்ணீர் விட்டு அலசினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இதற்கு ‘நிஷ்தமால்’ என்று பெயர். இதை அரைத்தால்தான் மாவு கையில் பிரியாமல் சேர்ந்து வருமாம்.

அந்த மாவைத் தட்டி, உள்ளே கறுப்புப் பயற்று விழுது வைத்து, முக்கோணமாக மடித்துச் சுட்டுத் தந்தார். ‘தெதெலா’ என்று பெயர். பயற்றில் வாட்டிய அவகாடோ இலையை அரைத்துச் சேர்த்திருந்தார். சோம்பு போல மணத்தது. இன்னொன்றில் பரங்கிப் பூ வைத்திருந்தார். நான் ஐந்து சாப்பிட்டேன் என்றால் நம்புவீர்களா?

ஊர் திரும்பியதும் அந்தச் சுண்ணாம்பைப் பற்றித் தேடிப் படித்தேன். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வகை வைட்டமின் இருக்கிறது. ஆனால் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி அது கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. கால்ஷியமும் கூடுகிறது.

கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. தானியம் கப்பலேறியது, பெண்களின் கைப்பக்குவம் கப்பலேறவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கறுத்து வெடித்தது, வயிற்றுப்போக்கு கண்டது, புத்தி பேதலித்தது. இந்த ‘பெல்லாக்ரா’ நோயை 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற டாக்டர் விவரித்தார். நியாசின் இதைக் குணமாக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டுகொண்டது 1937-இல்தான்! வைட்டமின் என்ற சொல்லையே கேட்டிராத பாட்டிமார்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக அதையே பானையில் செய்து வந்திருக்கிறார்கள். மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ கௌரவித்ததில் வியப்பென்ன?

(வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்து வீட்டில் யாரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அளவு பிசகினால் வாயும் வயிறும் புண்ணாகிவிடும்.)

விடைபெறும்போது, “நீ இதெல்லாம் கத்துக்கிட்டியா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். “கடையில பாக்கெட் மாவு கிடைக்குதேம்மா” என்றாள். அந்த மாவும் சுண்ணாம்புப் பக்குவம் செய்ததுதான், சத்துக்குப் பயமில்லை. ஆனால் அத்தை ஒன்றும் சொல்லாமல் அம்மியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மௌனம் எனக்குச் சுருக்கென்றது. என் மூத்தவன் குழந்தையாக இருந்தபோது, என் மாமியார் கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்துக் கொண்டு வந்தார். “டின் மாவு இருக்கும்போது எதுக்கும்மா இந்தச் சிரமம்?” என்று நான் ஒதுக்கி வைத்துவிட்டேன். முளைகட்டினால் எளிதில் ஜீரணமாகும், இரும்புச் சத்தும் நன்றாக உடம்பில் சேரும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்று மாமியார் இல்லை. பக்குவத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை.

வீடு வந்த அன்றே பெரிய நாத்தனாருக்குப் போன் செய்தேன். “அம்மா கேழ்வரகை எத்தனை மணி நேரம் ஊற வைப்பாங்க அக்கா?” என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் பேத்திக்கு ஆறு மாதம் நிறைகிறது. கஞ்சி காய்ச்ச வேண்டும்.