கடைவாய் எக்ஸ்பிரஸ்!

சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் சுமார் 650 கிலோமீட்டர். இந்த தூரம் முழுக்க ஊருக்கு ஊர் எதையாவது கடிக்கக் கொடுத்தே அனுப்புகிறார்கள். மணப்பாறையில் முறுக்கு, சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். போதாததற்கு கடலைமிட்டாய்க்கு 2020-லும், முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு வேறு கொடுத்துவிட்டார்கள். சாதா நாளில் பெருமையான விஷயம்தான். பல் அடைத்த மறுநாள் இந்த ரூட்டில் போய்ப் பாருங்கள், தெரியும்!

நான் போனது அப்படித்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கீழ் வரிசை இடது கடைவாயில் பக்கத்து பக்கத்து பல் இரண்டுக்கு ஃபில்லிங். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் சித்தி மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை குருவாயூர் எக்ஸ்பிரஸில் ஜன்னல் ஓரம்.

மரத்துப் போகிற ஊசி இருக்கிறதே, அது நல்ல ஊசி. இரண்டு மூன்று மணி நேரம் உதடு நம்முடையது இல்லை. காபி குடித்தால் பாதி சட்டைக்கு. (அந்த நேரத்தில் சூடாக எதையும் குடிக்காமல் இருப்பது நல்லது. உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, சுட்டுக்கொண்டாலும் தெரியாது.) ஊசி இறங்கிய பிறகுதான் பல் தன் கருத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறது.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் என் கன்னத்தில் இருந்த கையைப் பார்த்துவிட்டார்.

"பல்லா தம்பி?"

"ஆமா சார். நேத்துதான் அடைச்சேன்."

"அடைச்சப்புறம் வலிச்சா உள்ள சீழ் இருக்குன்னு அர்த்தம். ஒரு ஆஸ்பிரினைப் பொடி பண்ணி ஈறுல அப்பிடுங்க."

விழுப்புரத்தில் ஏறியவர் கிராம்புத் தைலம் என்றார். விருத்தாசலத்தில் ஏறியவர் பிராந்தி என்றார், அதுவும் ரொம்ப ஆசையோடு. நம்ம ஊரில் ரயில் பெட்டிக்குள் டாக்டர் இல்லாத சீட்டே கிடையாது!

இதில் ஆஸ்பிரின் யோசனை ஆபத்து. மாத்திரையை வைத்த இடத்தில் ஈறு வெந்து புண்ணாகிவிடும். கிராம்பில் யூஜினால் என்று ஒரு சரக்கு இருக்கிறது, வலியை மட்டுப்படுத்தும். தற்காலிக அடைப்புக்கு பல் டாக்டர்களே அதைத் துத்தநாகப் பொடியோடு குழைத்து வைப்பதுண்டு. ஆனால் தைலத்தை நேராக ஊற்றினால் அதுவும் ஈறைச் சுடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். தேவைப்பட்டால் பாராசிட்டமால். பிராந்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

திருச்சி தாண்டியதும் முறுக்கு வந்தது. மணப்பாறை முறுக்கை இரண்டு தடவை பொரிப்பார்கள். முதல் தடவை அரைவேக்காடாக எடுத்து ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். மொறுமொறுப்பின் ரகசியம் அதுதான். ஊர்த் தண்ணீரின் உப்பும் காரணம் என்பார்கள். பெரியவர் என் காது பக்கத்தில் 'கடக்'கென்று கடித்தார். வலித்தது எனக்கு!

மதுரையில் நண்பன் பிளாட்பாரத்தில் நின்றான், கையில் ஜிகர்தண்டா பார்சலோடு. பாதாம் பிசின், நன்னாரி, பால், மேலே ஐஸ்கிரீம். வேண்டாம் என்று சொன்னால் மதுரைக்காரன் விடுவானா? வலது பக்கமாக ஒரே ஒரு மடக்கு. சில்லிப்புக்கு வலது இடது தெரியுமா என்ன? கண்ணுக்குள் ஒரு மின்னல்! மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... போய்விட்டது.

எண்ணியதற்குக் காரணம் இருக்கிறது. பல்லின் மேல் ஓடு எனாமல். அதற்குக் கீழே டென்டின். அதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் ஆயிரக்கணக்கில் நுண்ணிய குழாய்கள், உள்ளே திரவம். சில்லென்றோ இனிப்பாகவோ பட்டால் திரவம் அசையும், நரம்பு அலறும். சொத்தையைத் தோண்டியபோது டிரில்லின் சூட்டிலும் அதிர்விலும் அந்த நரம்பு ஏற்கெனவே கடுப்பில் இருக்கிறது. ஆபீசில் உங்கள் சீட்டுக்குப் பின்னால் நாள் முழுக்கச் சுவரை இடித்தால், மறுநாள் "குட்மார்னிங்" சொன்னவரிடமும் எரிந்து விழுவீர்களே, அந்த மாதிரி. சில நாளில், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். பொட்டாசியம் நைட்ரேட் போட்ட கூச்ச பேஸ்ட்டைத் தினமும் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஒரே நாளில் அல்ல.

சில்லிப்பு போன பிறகும் வலி நிமிஷக்கணக்கில் நின்றாலோ, சூடு பட்டால் விண் விண்ணென்றாலோ, ராத்திரி தானாக வலித்து எழுப்பினாலோ, கன்னம் வீங்கினாலோ கதை வேறு. உடனே டாக்டரிடம் போய்விட வேண்டியதுதான்.

சாத்தூரில் வெள்ளரிக்காயைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. கோவில்பட்டியில் கரிசல் மண் கடலையும் வெல்லப்பாகும் மணக்க மணக்க இரண்டு பாக்கெட் வாங்கி, தின்னாமல் பையில் வைத்தேன். துறவறம் என்றால் காவி எல்லாம் தேவையில்லை சார்.

சனிக்கிழமை காலை கல்யாண வீட்டில் இட்லி. மல்லிகைப்பூ மாதிரி. பல் சேர்ந்த இடத்தில் சுருக்கென்றது! இட்லியைக் கடித்து வலிக்கிறது என்றால் குற்றம் இட்லி மேல் இல்லை. சில்லிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, பல்லும் பல்லும் மோதினால் மட்டும் வலி.

பெரியப்பா பக்கத்து இலையில் இருந்தார். "எலே, அதைப் புடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரி. எனக்கும் இப்படித்தாம்ல. அடைச்ச நாலாம் நாளே போய்ப் புடுங்கிட்டேன்லா. காசுக்குப் பிடிச்ச கேடு!"

அது 1984-ல். அந்த ஓட்டையை நோக்கிப் பக்கத்துப் பல் சாய்ந்தது, மேல் பல் கீழே இறங்கியது, சந்தில் சொத்தை விழுந்தது. ஒவ்வொன்றாகப் போய், இப்போது இடது பக்கம் கீழே ஒன்றுமில்லை. நான் கொடுத்த கடலைமிட்டாயை வெற்றிலை உரலில் போட்டு நுணுக்கி, பொடியாக்கித்தான் வாயில் போட்டுக்கொண்டார். பெரியம்மாவுக்குப் பழகிவிட்டது, உரலை அவளே எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள்.

சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். பெரியப்பாவும் துணைக்கு வந்தார், எப்படியும் பிடுங்கத்தான் போகிறார்கள் என்ற நம்பிக்கையில். சின்ன வயசு டாக்டரம்மா. நம்ம பழைய டைப்பிஸ்ட்டுகள் வைத்திருந்த கார்பன் பேப்பர் மாதிரி ஒரு நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்து, "கடிங்க... அப்படியே அரைங்க" என்றார். எடுத்துப் பார்த்தால் பின் பல் அடைப்பின் ஓரத்தில் மட்டும் அழுத்தமாக ஒரு நீலப் பொட்டு.

"மரத்துப் போன வாயில கடிக்கச் சொன்னா உங்களுக்கு மேடு பள்ளம் தெரிஞ்சிருக்காது. ஒரு முடி கனம் ஒசந்திருக்கு. நீங்க கடிக்கிற பாரம் பூரா அந்த ஒரு இடத்துலயே இறங்குது."

'ஸ்ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம். இரண்டு நிமிஷம். ஊசி கூட இல்லை. மறுபடி நீலத்தாள், மறுபடி கடி. சுருக் இல்லை!

"கூச்சம் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். அந்தப் பக்கம் கெட்டியா எதுவும் மெல்லாதீங்க. அவ்வளவுதான்."

பெரியப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். "அவ்வளவுதானாம்மா? தேய்ச்சு விட்டா சரியாயிருமா?"

"நிறைய பேருக்கு இதுதான் சார் விஷயம்."

வரும் வழியில் ஆட்டோவில் அவர் பேசவே இல்லை. ஜங்ஷன் வந்தும் பேசவில்லை. பெரியப்பா பேசாமல் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மறுவீட்டில் சொதி. திருநெல்வேலிக்காரர்கள் பல் நோயாளிக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு என்று அடித்துச் சொல்வேன். தேங்காய்ப் பாலில் வெந்து குழைந்த காய், காரம் தெரியாத காரம், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கூட வருகிற உருளைக்கிழங்கு சிப்ஸை மட்டும் சித்தி பையனுக்குத் தள்ளிவிட்டேன். மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது பெரியப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏடே, அந்த டாக்டரம்மா நாளைக்கு எத்தன மணிக்கு வரும்?"

"யாருக்குப் பெரியப்பா?"

"மேல ஒண்ணு ஒரு மாசமா கூசுது. புடுங்கிரலாம்னு இருந்தேன்." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதை மட்டுமாவது வச்சுக்கிடலாமான்னு கேக்கணும்."