சிப்பியையும் பாருங்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

முத்துநகர் என்று எங்கள் தூத்துக்குடிக்குப் பெயர். 1961-இல் நடந்ததே இங்கு கடைசி முத்துக்குளிப்பு. முத்தை எடுத்துக்கொண்டு சிப்பியைக் கரையில் குவித்துவிட்டுப் போவார்களாம், தாத்தா சொல்வார். சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது!

அக்காவுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. உற்றார் உறவினர் திரண்டு வந்து, "பிள்ளை யார் சாயல்?" என்று கேட்டார்கள். அம்மா கடன் வாங்கிப் பால்சுறாப் புட்டு அவித்தாள். பேறுகால மருந்து கிளறிக் கொடுத்தாள். ஆனால் அக்கா அழுதுகொண்டே இருந்தாள். பிள்ளை உறங்கும்போதும் அவள் உறங்கவில்லை. "ராசா மாதிரி பிள்ளை, இவளுக்கு என்ன குறை?" என்றனர் சிலர், "காத்துக் கருப்பு" என்றனர் சிலர். விலங்கியல் படிக்கும் நானும் அவளை அதட்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இருபதாம் நாள் வந்த சுகாதாரச் செவிலியர்தான் முதன்முதலில் கேட்டார்: "பிள்ளை இருக்கட்டும்; நீ எப்படி இருக்கம்மா?" அக்கா பதில் பேசாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

பிறகு அவர் எங்களுக்கு விளக்கினார். ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குப் பெருத்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும். பிரசவம் ஆனதும் ஹார்மோன்கள் சடுதியில் குறைகின்றன. முதல் சில நாட்களில் அழுகை வருவது பலருக்கும் இயல்பு. இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வு நோய், பேயுமல்ல, பிடிவாதமுமல்ல. மருத்துவத்தால் குணமாகும். அவ்வாறே மருத்துவரிடம் காட்டினோம். சில மாதங்களில் அக்கா பழையபடி சிரித்தாள்.

செவிலியர் வந்துபோன அன்று இரவு, அம்மா திண்ணையில் மெல்லச் சொன்னாள்: "நீ பொறந்து முப்பதாம் நாள் நான் உப்பளத்துல நின்னேன்ல. எனக்கும் இப்படித்தான் அழுகை வரும். வேர்வையோட வேர்வையாத் தொடச்சுக்கிடுவேன். யாரு கேக்க?"

இருபது ஆண்டுகளாக நானும் கேட்டதில்லை!

2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்றானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. நன்றிக்குரியவைதாம். ஆனால் வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை என்று வாழும் எங்கள் தெருத் தாய்க்கு அந்த 26 வாரம் எங்கே?

நண்பர்களே! அதற்கான குரலை நாம் எழுப்புவோம். அதற்கு முன் நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. குழந்தை பார்க்கப் போனால் முதலில் தாயைப் பாருங்கள். "நீ எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை இரண்டு மணி நேரம் உறங்க விடுங்கள்.

இப்போதெல்லாம் உப்பளத்திலிருந்து திரும்பும் அம்மாவிடமும் நான் அதைக் கேட்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே, "படிக்கிற வேலையைப் பாருலே" என்கிறாள்.