தூண்டியவளும் தடுத்தவளும்

கணவனும் மனைவியும் தனித்திருந்து பேசி ஒரு கொடுஞ்செயலுக்கு உடன்படும் நிலையைச் சேக்ஸ்பியரின் 'மக்பெத்' அளவுக்கு நுணுகிக் காட்டும் துன்பியல் நாடகம் பிறிதொன்று உண்டோ என ஐயுறலாம். 1606ஆம் ஆண்டளவில் எழுந்த அந்நாடகத்தை விரிவுரை மண்டபத்தில் பயின்றபோதெல்லாம், அட்டன் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தையே என் மனம் நாடிற்று. இரண்டிலும் நடுநாயகமாக நிற்போர் ஒரு தம்பதியர். இரண்டிலும் கணவன் பேராபத்தான ஒரு செயலுக்குத் துணிகின்றான். மனைவியின் நிலை மட்டுமே நேர்மாறாக அமைகின்றது.

மக்பெத்தின் மனைவி, தயங்கி நிற்கும் கணவனின் ஆண்மையையே பழித்துரைத்து, விருந்தினனாக வந்த மன்னன் டங்கனைக் கொல்லத் தூண்டுகின்றாள். ரதியோ, சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை மறித்து நின்று, போகவேண்டாம் என மன்றாடுகின்றாள். காமன் பொட்டலில் தப்பொலிக்கிடையே இருவரும் மாறி மாறிப் பாடும் அந்தத் தர்க்கத்தைக் கேட்பதற்காகவே லயத்து மக்கள் உறக்கம் மறந்து காத்திருப்பர்.

ஆயினும், ஒருத்தி கொடியவள், மற்றவள் நல்லவள் என்று சொல்லி அமைவது விமர்சனமாகாது. பேராசை எங்கே பிறந்தது என்பதே வினா. சூனியக்காரிகள் மக்பெத்துக்கு வருவதுரைத்தனரேயன்றிக் கொலைபுரியுமாறு கூறவில்லை. ஆசை அவன் நெஞ்சில் முளைத்து, இல்லறத்தில் வளர்ந்தது. காமன் கூத்திலோ தேவை தேவர்களுடையது. அசுரனை அழிக்கச் சிவகுமாரன் பிறக்கவேண்டும். அதற்காக இந்திரன் மன்மதனை ஏவுகின்றான். ஏவியவன் அரியணையில் இருக்க, ஏவப்பட்டவன் நீறாகின்றான். இங்கு இரக்கமின்மை தம்பதியரிடத்தில் இல்லை. கட்டளை பிறக்கும் இடத்திலேயே இருக்கின்றது.

மேலிருந்து வரும் கட்டளைக்குப் பணிந்து வாழ நேர்ந்த மக்களுக்கு இது வெறும் புராணமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென விடப்பட்டது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. உறவினர் இரு கரைகளிலும் சிதறினர். அந்நாட்களில் ரதியின் புலம்பலைக் கேட்டோர் அவள் துயரை மட்டும் எண்ணி அழுதிருப்பர் என நான் நம்பவில்லை.

இரு நாடகங்களின் முடிவும் சிந்தனைக்குரியது. கூடிச் சதிசெய்த மக்பெத், பாங்கோவைக் கொல்லும் திட்டத்தை மனைவியிடமே மறைக்கின்றான். விருந்தில் தோன்றும் ஆவி அவன் கண்ணுக்கு மட்டுமே புலனாகின்றது. அருகிலிருக்கும் மனைவி வெற்று இருக்கையையே காண்கின்றாள். துயிலில் நடந்து, இல்லாத குருதிக்கறையை அவள் கழுவும்போது கணவன் உடனில்லை. அவள் மறைந்த செய்தி வரும்போதோ அழுவதற்கும் அவனிடம் நெஞ்சம் எஞ்சவில்லை. மன்மதனும் எரிந்த பின்னர் ஒருவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகின்றான். அந்த ஒருவர் ரதி. அஃது அவள் பெற்ற வரம்.

ஒரே ஆசையால் ஒன்றுபட்டவர்கள் தனித்தனியே மாண்டனர். கருத்து மாறுபட்டு வாதிட்டவர்களைச் சாம்பலும் பிரிக்கவில்லை. கணவனின் விருப்பத்துக்கெல்லாம் தலையசைப்பதே இல்லறம் என எண்ணுவோர், தோட்டத்து மேடையில் வழிமறித்து நிற்கும் ரதியை ஒருமுறை காணவேண்டும்.