தேவனாம்பட்டினத்தில் ஒரு ‘நியூ கேம்’!

ஒரு குதிரை, ஒரு வாள், பையில கொஞ்சம் காசு. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒரு பெரிய தேசம். ஆரம்பத்துல ஒரு வியாபாரி வந்து சின்னதா ஒரு வேலை கொடுப்பார். அதை முடிச்சதும் அவரும் எஸ்கேப்! ‘அடுத்து என்ன பண்ணணும்?’னு கேட்டா பதில் சொல்ல ஆளே இல்ல. ‘மவுன்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்’ கேமைத் திறந்த பல பேர், அரை மணி நேரத்துல மூடிட்டு பழையபடி கிரிக்கெட் கேமுக்கே ஓடிப்போறது இந்த இடத்துலதான்.

ஓடினவங்களைக் குத்தம் சொல்ல முடியாது பாஸ். யூனிட் டெஸ்ட்டுக்கே ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ கேட்டு வாங்கற கூட்டம் நாம. சிலபஸே இல்லாத ஒரு கேமைக் கையில கொடுத்தா முழிக்கத்தானே செய்வோம்? இதுக்கு என்கிட்ட ஒரு வைத்தியம் இருக்கு. லேப்டாப்பை மூடி வைங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கடலூர்ல இறங்குங்க. சாயங்காலத்துக்குள்ள சிதம்பரம் போயிடலாம். இந்த கேமை எப்படி ஆரம்பிக்கணும்கிற பாடம், நடுவுல இருக்கற நாப்பத்திச் சொச்சம் கிலோமீட்டர்ல சிதறிக் கிடக்கு.

முதல்ல கேமைப் பத்தி ரெண்டு வரி. துருக்கியில அங்காராவைச் சேர்ந்த ‘டேல்வேர்ல்ட்ஸ்’ கம்பெனி தயாரிப்பு. ஒரு கணவன், மனைவி பொழுதுபோக்கா ஆரம்பிச்ச வேலை இது. முதல் பாகம் 2008, வார்பேண்ட் 2010. அடுத்து வந்த ‘பேனர்லார்ட்’ 2022-ல் முழுசா வெளியாச்சு. பார்க்க அதுதான் அழகு. ஆனா சீனியர்கிட்ட இருந்து கைமாறி வந்த பழைய லேப்டாப்புல ஓடறது வார்பேண்ட்தான். அதனால ஆரம்பிக்க அதுவே போதும்! ஆறு ராஜ்ஜியங்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல நீங்க வியாபாரியா, கூலிப்படைத் தலைவனா, ராஜாவா எப்படி வேணா மாறலாம். மணல்தொட்டியில விளையாடற குழந்தைக்கு ‘வீடு கட்டு’னு யாராவது உத்தரவு போடறாங்களா? அதுமாதிரிதான்.

சரி, கடலூர் வந்தாச்சா? நேரா தேவனாம்பட்டினம் போங்க. சில்வர் பீச்சுல கால் நனைச்சு, மீன் வறுவல் சாப்பிட்டு, செல்ஃபி சடங்கெல்லாம் முடிச்சுட்டு, கெடிலம் ஆத்துப் பக்கம் திரும்புங்க. செயின்ட் டேவிட் கோட்டைன்னு ஒண்ணு இருந்த இடம் இது. பிரமாண்டமா எதையோ எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. மிச்சம் இருக்கறது கொஞ்சம் இடிபாடுதான். ஆனா இதோட கதை இருக்கே... அது பிரமாண்டம்!

இங்கிலீஷ்காரங்க இந்தக் கோட்டையைச் சண்டை போட்டுப் பிடிக்கலை. 1690-ல் மராட்டியர்கிட்ட இருந்து காசு கொடுத்து வாங்கினாங்க. அப்ப மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல். (அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி இருக்கே, அந்த யேலேதான்!) எல்லை எது வரைக்கும்னு ஒப்பந்தத்துல எழுதினதுதான் செம ட்விஸ்ட். கோட்டையில இருந்து பீரங்கியால சுடணும். குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அது வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். இருக்கறதுல நல்ல பீரங்கியாப் பார்த்து நாலா பக்கமும் சுட்டாங்க. கடலூர் ஊரும் சுத்தியிருந்த கிராமங்களும் அப்படியே உள்ளே வந்துடுச்சு. அந்த ஊர்களுக்கு ‘குண்டு கிராமங்கள்’னே பேர்.

பிகினர்ஸ் கவனிக்க வேண்டிய மேட்டர் இதுதான். கம்பெனி இங்கே வந்தது துணி வாங்க. வாள் அப்புறம்தான் வந்துச்சு. கேம்லயும் முதல் நாளே வாளை உருவாதீங்க. டவுனுக்குள்ள போனா சந்தையில ‘இங்கே விலைவாசி எப்படி?’னு விசாரிக்க ஒரு ஆப்ஷன் இருக்கும். அதைத் தட்டினா எந்தச் சரக்கை எந்த ஊர்ல வித்தா லாபம்னு தெரியும். ஒரு ஊர்ல மலிவா வாங்கி இன்னொரு ஊர்ல விக்கறது போரடிக்கற வேலைதான். ஆனா படைக்கு வாராவாரம் சம்பளம் போடணுமே, அந்தக் காசு எங்கிருந்து வரும்? சண்டை பழகணும்னா டவுன்ல இருக்கற அரீனாவுக்குப் போங்க. அங்கே அடி வாங்கினா உயிர் போகாது, மானம் மட்டும் போகும்.

கேரக்டர் உருவாக்கும்போது ‘அப்பா என்ன வேலை? சின்ன வயசுல எங்கே வளர்ந்தே?’னு கல்யாணத் தரகர் மாதிரி கேள்வி வரும். அதுல ‘மாணவன்’னு ஒரு ஆப்ஷனும் உண்டு. அதை எடுத்தா புத்திக்கு மார்க் ஏறும், அடிதடியில கொஞ்சம் வீக்காத்தான் இருப்பீங்க. ‘இவனால என்ன ஆகப்போகுது?’னு தோணினா ராபர்ட் கிளைவை நினைச்சுக்குங்க. 1744-ல் அவர் மெட்ராஸ் வந்தப்ப வயசு 18. வேலை? கணக்கு எழுதற குமாஸ்தா! 1746-ல் பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சதும், மாறுவேஷத்துல தப்பிச்சு இந்தத் தேவனாம்பட்டினம் கோட்டைக்குத்தான் வந்தார். அடுத்த வருஷமே பேனாவை வெச்சுட்டு பட்டாளத்துல சேர்ந்தார். 1756-ல் இதே கோட்டைக்கு கவர்னர். லெவல் அப்னா இது! (நமக்கு அது எவ்வளவு காஸ்ட்லியா முடிஞ்சுதுங்கறது வேற கதை.) 1758-ல் பிரெஞ்சு தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளிட்டார். நீங்க பார்க்கற இடிபாட்டுக்குக் காரணம் அதுதான்.

இப்ப சிதம்பரம் பஸ். ஜன்னலோரம் கிடைச்சா பாக்கியம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பி.முட்லூர் வரும். அங்கே பிரியற ரோடு பரங்கிப்பேட்டைக்குப் போகுது. இப்ப இறங்காதீங்க, அப்புறம் வருவோம்.

சிதம்பரத்துல முதல் வேலை வயித்துக்கு. சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் தேடிப் பிடிங்க. கேம்லயும் இதே ரூல்தான். படைக்கு வெறும் ரொட்டியை மட்டும் போட்டா முறைப்பாங்க. மீன், இறைச்சி, பழம்னு வகைவகையா வாங்கினா உற்சாகம் ஏறும். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸை நடத்தறவங்களை உட்கார வெச்சு இந்த கேமை ஒரு வாரம் ஆட விடணும்!

அப்புறம் கீழவீதி வழியா நடராஜர் கோயிலுக்குப் போங்க. கோபுரத்துல 108 கரணச் சிற்பங்களைப் பார்த்து கழுத்து வலிச்சதும், மதில் பக்கம் பாருங்க. 1781 ஜூன் மாசம் இந்தக் கோயில் ஹைதர் அலி படையோட கோட்டை. அயர் கூட்ங்கற அனுபவசாலியான கம்பெனி ஜெனரல் வந்து இதைத் தாக்கினார். உள்ளே இருந்தவங்க கொடுத்த அடியில பின்வாங்கினார். புதுசா ஆடறவங்க கேம்ல அதிகமா அவுட் ஆகறதும் இங்கேதான். நாப்பது ஆளைச் சேர்த்ததும் ‘ஒரு கோட்டையைப் பிடிச்சுடலாமே’னு கை அரிக்கும். மதில்ல ஏணியைச் சாத்தினதும் மேலே இருந்து அம்பு மழை! கூட்டுக்கே பப்பு வேகலை, நமக்கு எதுக்கு? முதல் மாசம் கோட்டைப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க.

கூட் என்ன பண்ணினார்? பரங்கிப்பேட்டைக்கு நகர்ந்தார். தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஹைதர் படையை ஜூலை 1-ஆம் தேதி திறந்த வெளியில சந்திச்சு ஜெயிச்சார். அதனால நீங்களும் பஸ்ஸோ, பாசஞ்சர் ரயிலோ பிடிச்சு பரங்கிப்பேட்டைக்குத் திரும்புங்க. வெள்ளாறு கடல்ல கலக்கற ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இங்கேதான் இருக்கு.

இங்கே கொஞ்ச நேரம் உட்காருங்க. கேம்ல கிராமத்துக்குப் போனா பத்து டெனாருக்கு ஒரு ஆள் கிடைப்பான். காலில் செருப்புகூட இல்லாத விவசாயி. நாலு சண்டை பார்த்தா சிப்பாய். ‘போனா போகட்டும், பத்து டெனார்தானே’னு அவனை முன்வரிசையில நிறுத்துவோம். 1748-ல் இருந்து தேவனாம்பட்டினத்துல ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுத்த காலத்துல, கம்பெனிக்கு சிப்பாயாப் போனவங்க நம்ம ஊர் ஆளுங்க. இந்த மேப்ல ஹீரோவா ஆடினது கிளைவும் கூட்டும் லாலியும் ஹைதரும். பத்து டெனார் ஆள் யாரு? நம்ம பாட்டனுக்குப் பாட்டன்!

கிராமத்து மெனுவுல ‘கொள்ளையடி’னு ஒரு ஆப்ஷனும் இருக்கு. ஈஸியான காசு. கொஞ்ச நேரம் புகை வரும். சில நாள்ல அதே கிராமம் பழையபடி நின்னு, அதே விவசாயி வந்து நிப்பான். 1780-ல் ஹைதர் படை வந்து, கம்பெனிக்குத் தானியம் கிடைக்கக் கூடாதுன்னு மெட்ராஸைச் சுத்தி ஊர் ஊரா எரிச்சப்ப, எந்த ஊரும் சில நாள்ல பழையபடி எழுந்து நிக்கலை. நான் இந்த கேமை எத்தனை தடவை புதுசா ஆரம்பிச்சாலும் அந்தப் பட்டனைத் தொடறதில்ல. கூட இருக்கற தோழர்கள்லயும் சில பேர் கிராமத்தைக் கொள்ளையடிச்சா முணுமுணுப்பாங்க. அவங்களை டீம்ல சேர்த்துக்குங்க, நல்லவங்க.

அதுக்குப் பதிலா கிராமத்துப் பெரியவர்கிட்ட பேசுங்க. ‘விதைக்குத் தானியம் இல்ல, கொண்டு வந்து கொடுப்பியா?’ம்பார். சில சமயம், திருடங்களைச் சமாளிக்க ஊர்க்காரங்களுக்குச் சண்டை கத்துக்கொடுக்கச் சொல்வார். முதல் வேலையா தானியத்தை எடுங்க. கொண்டு போய்க் கொடுத்தா ஊர்ல உங்களுக்கு மரியாதை கூடும், அடுத்த தடவை ஆள் சேர்க்கப் போகும்போது கூடுதலா நாலு பேர் வருவாங்க. மூட்டையோட போகும்போது கடற்கரை ஓரமா மட்டும் போயிடாதீங்க. அங்கே ‘ஸீ ரெய்டர்ஸ்’னு ஒரு குரூப் கோடாலியோட சுத்திக்கிட்டு இருக்கும். சில்வர் பீச் மாதிரி செல்ஃபி எல்லாம் எடுக்க விடமாட்டாங்க!