நயாகராவுக்குப் போகும் வழியில்

கனடாவுக்குச் செல்லும் எம்மவர் எவராயினும் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணாது திரும்புவதில்லை. திரும்பினால் ஊரார் கேட்கும் முதற் கேள்விக்கே விடையின்றி நிற்க நேரும். சென்ற ஆவணி விடுமுறையில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் எமது தங்கையின் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்த நாமும் அந்நீர்வீழ்ச்சியைக் கண்டு களித்தோம். அதன் பெருமையை எழுதியோர் பலர். ஆகவே நாம் இங்கு எழுதப் புகுவது நயாகராவைப் பற்றியன்று. அங்கு போகும் வழியிலே தரித்து நின்ற ஒரு சிறு துறைமுக ஊரையும், அவ்விடத்தே எமது செவிகள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் பற்றியதேயாம்.

தங்கையின் வீட்டில் நிலக்கீழ் அறை ஒன்று உண்டு. நாம் சென்று சேர்ந்த நாள் தொடக்கம் ஒவ்வொரு மாலையும் அங்கிருந்து 'டக், டக்' என்று ஓர் ஓசை ஒரு மணி நேரம் இடைவிடாது எழுந்துகொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தோம். பதினெட்டு வயது நிரம்பிய எமது மருமகன் இறப்பர்ப் பலகையொன்றை முன்னே வைத்து, இரு குச்சிகளால் ஒரே அடியை மிக மெதுவாகத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான். எதற்கு இந்தப் பயிற்சி என்று வினவியபோது, தன் காதிலிருந்த காதொலிப்பானைக் கழற்றி எமது காதில் வைத்தான். தகரக் கூரையின்மீது ஆலங்கட்டி மழை பொழிந்தாற் போலிருந்தது. ஒரு நிமிடம் பொறுத்து, அதனைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

அன்றிரவு தங்கை எம்மிடம் மனம் விட்டுப் பேசினாள். "அண்ணை, எத்தினை பிள்ளையளுக்குப் புத்தி சொல்லுற ஆள் நீங்கள். இவனுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. இந்த மேளத்தை விட்டிட்டுப் படிக்கிற வழியைப் பாக்கட்டும். நீங்கள் சொன்னாக் கேப்பான்." நாமும் தலையசைத்தோம். இருபது ஆண்டுகள் வகுப்பறையிலே நின்று பழகிய நாவுக்கு அறிவுரை கூறுதல் அரிய காரியமா?

வாய்ப்பு அந்தச் சனிக்கிழமையே வந்தது. உறவினர் பலரும் சேர்ந்து நயாகராவுக்குப் புறப்பட்டனர். ஒரு வண்டியில் இடம் போதாமையால் மருமகன் செலுத்திய மற்றொரு வண்டியில் நாம் ஏறிக்கொண்டோம். ஒன்ராறியோ ஏரியின் மேற்குக் கரையைச் சுற்றி வளைந்து செல்கிறது நெடுஞ்சாலை. எவ்வாறு பேச்சைத் தொடங்கலாம் என்று நாம் சிந்தித்துக்கொண்டிருக்கையில், அவன் முந்திக்கொண்டான்.

"மாமா, உங்கடை பெட்டியிலை ஒட்டியிருந்த விமானச் சீட்டிலை என்ன எழுத்து இருந்தது?"

ரொறன்ரோ விமான நிலையத்தின் குறியீடான 'வை, வை, செட்' என்னும் மூன்று எழுத்துக்கள் இருந்தன என்றோம்.

"அந்த மூண்டு எழுத்திலையும் ஒரு பாட்டு இருக்குது" என்று கூறி அவன் அதனை ஒலிக்கச் செய்தான். பாட்டு என்றானே தவிர, அதில் வாய்ப்பாட்டு இல்லை. ரொறன்ரோவில் 1968 இல் தோன்றிய 'றஷ்' என்னும் மூவர் இசைக்குழு 1981 இல் வெளியிட்ட இசைத்தட்டில் இடம்பெற்ற கருவியிசை அது. சுருதி கூட்டிய சிறு வெண்கலத் தட்டுகளின் ஒலியோடு தொடங்குகிறது. அவ்வொலி வெறும் அலங்காரமன்று; விமானிகளுக்காக வானொலியில் ஒலித்த அம்மூன்று எழுத்துக்களின் மோர்ஸ் தந்திக் குறியீடே அது!

மோர்ஸ் முறையில் 'வை' என்பது கோடு, புள்ளி, கோடு, கோடு. 'செட்' என்பது கோடு, கோடு, புள்ளி, புள்ளி. தந்தியில் ஒரு கோடு மூன்று புள்ளி நேரம் ஒலிக்கும். இசைக்குழுவினர் அதனை இரண்டாகக் குறைத்துக்கொண்டனர். இதைக் கேட்டதும் எமக்குள்ளிருந்த தமிழாசிரியன் விழித்துக்கொண்டான். கோடு இரண்டு மாத்திரை, புள்ளி ஒரு மாத்திரை எனின், இஃது எமது நெடிலும் குறிலும் அல்லவா? விரல் விட்டு எண்ணினோம். 'வை' ஏழு மாத்திரை; அடுத்த 'வை'யும் ஏழு; 'செட்' ஆறு. ஆகமொத்தம் இருபது. நான்கு மாத்திரை கொண்ட ஐந்து எண்ணிக்கையில் அது நிறைவுறுகிறது. ஆனால் ஏழும் ஏழும் ஆறுமாகப் பிரிவதனால் இடையிலே எந்த எண்ணிக்கையோடும் இசையாமல் நழுவி ஓடி, முடிவிலே மட்டும் சமத்தில் வந்து பொருந்துகிறது. கோயில் வீதியில் தவிற்காரர் கணக்கு விட்டு விளையாடுவதைக் கேட்டு வளர்ந்த எமக்கு அப்பொருத்தத்தின் இன்பம் புதிதன்று. ஆயினும், அதனை இந்தப் பேரிரைச்சலுக்குள் நாம் எதிர்பார்த்ததில்லை. "மறுபடியும் போடு" என்றோம். அறிவுரை கூற வந்தவர் வாயிலிருந்து புறப்பட்ட முதற் சொற்கள் இவையே.

சென் கதரின்ஸ் நகரை அண்மியபோது அவன் தயக்கத்தோடு கேட்டான்: "மாமா, அம்மாவை கொஞ்சம் முன்னாலை போகட்டும். நாங்கள் அரை மணித்தியாலம் ஓரிடத்திலை நிண்டிட்டுப் போவமா?" இசைந்தோம். வண்டி நெடுஞ்சாலையை விட்டு விலகி ஏரிக்கரையை நோக்கித் திரும்பிற்று.

அவ்வூரின் பெயர் போட் டலூசி. இரண்டு பேரேரிகளை இணைக்கும் வெலண்ட் கால்வாய் 1829 இல் முதன்முதல் திறக்கப்பட்டபோது ஒன்ராறியோ ஏரிப் பக்கத்து வாயில் இதுவே. பின்னர் கால்வாயின் வாயில் வேறிடத்துக்கு மாறிப்போக, பழைய வெளிச்சவீடுகளும் அமைதியும் எஞ்சியுள்ளன. கரையோரத்தில் 'லேக்சைட் பார்க்' என்னும் பூங்கா. மணற்பரப்பு, நிழல் மரங்கள், மரத்திற் செதுக்கிய குதிரைகளும் சிங்கங்களும் சுழலும் பழைய குடைராட்டினம் ஒன்று. 1921 இல் இவ்வூருக்கு வந்த அவ்விராட்டினத்தில் ஏறக் கட்டணம் ஐந்து சதம். நூறாண்டு கடந்தும் அதுவே கட்டணம் என்றால் வாசகர் நம்பமாட்டார். தெளிந்த நாளாகையால் ஏரிக்கு அப்பால் ரொறன்ரோவின் நெடுங் கோபுரம் ஊசி முனைபோல் தெரிந்தது.

றஷ் குழுவின் முரசுக் கலைஞர் நீல் பியர்ட் வளர்ந்த ஊர் இது. 1952 இல் பிறந்த அவர் பள்ளிப் பருவத்துக் கோடை விடுமுறைகளில் இப்பூங்காவின் களியாட்டக் கடைகளில் வேலை செய்தவர். 2020 தை மாதம் அவர் காலமான பின்னர், இங்குள்ள மண்டபத்துக்கு நகரசபை அவரது பெயரைச் சூட்டியது. அம்மண்டபத்தின் அருகே ஏரியைப் பார்த்தவாறு ஒரு வாங்கில் அமர்ந்தோம்.

"இப்ப சொல்லு தம்பி. அண்டைக்கு என்ரை காதிலை வைச்சது என்ன?" என்று கேட்டோம்.

றொக் இசையின் வன்மை மிக்க கிளையை மெற்றல் என்பர். அதனுள் தாளக் கணக்கிலும் நீண்ட அமைப்பிலும் நாட்டம் கொண்ட பிரிவு 'புறோகிறசிவ் மெற்றல்'. றஷ் குழுவினர் அதற்கு முன்னோர். 1985 இல் பொஸ்ரன் நகரத்து பேர்க்லி இசைக் கல்லூரியில் மாணவராயிருந்த மூவர் தொடங்கிய 'டிறீம் தியேட்டர்' என்னும் குழு, றஷ் இசையைக் கேட்டு வளர்ந்ததே. நாம் அன்று ஒரு நிமிடத்தில் கழற்றி வைத்ததோ சுவீடன் நாட்டு உமியோ நகரில் 1987 இல் தோன்றிய 'மெஷுகா' குழுவின் இசை. முரசு வாசித்தவர் தோமஸ் ஹாக்கே.

மருமகன் சொல்லால் விளக்கவில்லை. வாங்கின் பலகையிலே செய்து காட்டினான். வலக்கையால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சலியாமல் தட்டினான். இடக்கை மூன்றாம் எண்ணிக்கையில் மட்டும் விழுந்தது. பின்னர் இரு பாதங்களும் நிலத்தில் வேறொரு கணக்கைத் தொடங்கின. கைகள் நான்கில் நிற்க, கால்கள் ஐந்தைந்தாக ஓடின. முதலில் கூடியிருந்த இரண்டும் பிரிந்தன, ஒன்றையொன்று துரத்தின, இருபதாவது தட்டில் இரண்டும் நிறைவெய்தி, மீண்டும் ஒன்றாய்த் தொடங்கின. நாமும் முயன்றோம். மூன்றாம் சுற்றுக்குள்ளேயே எமது வலக்கை காலோடு சேர்ந்து ஓடிவிட்டது! அவன் சிரிக்கவில்லை. "முதலிலை கையை மட்டும் செய்யுங்கோ மாமா. அது தன்பாட்டிலை போகத் துவங்கினாப் பிறகு காலைச் சேர்ப்பம்" என்றான். நாம் முதலாம் வகுப்பு மாணவருக்குக் கூறும் அதே குரலில், அதே பொறுமையோடு கூறினான்.

இவ்விசையைக் கேட்கும் முறையையும் அவனிடமே கற்றோம். மிருதங்கத்தில் இரு கைகளின் விரல்கள் பேசுகின்றன. இங்கே இரு கைகளும் இரு கால்களும் தனித்தனி வேலை ஏற்கின்றன. கால்களால் மிதித்து ஒலிக்கும் பெருமுரசு அடியில். கைக்கருகே கலகலக்கும் சிறு முரசு. மேலே வெண்கலத் தட்டுகள். நான்கையும் ஒருசேரக் கேட்க முயல்பவர் காதில் இரைச்சலே விழும். முதலில் வெண்கலத் தட்டை மட்டும் பற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அதுவே நிலையான தாளத்தைக் காட்டும். அது மனத்தில் ஊன்றியபின் கால்முரசைத் தேடவேண்டும். மூன்றாவதாக, பெரிய அடிகளுக்கிடையே மெல்லென விழும் சிற்றடிகளைக் கேட்கவேண்டும். வேகத்தைக் கண்டு வியப்பது எளிது; கலைஞனின் தரம் அச்சிற்றடிகளிலும், அவன் அடியாது விட்ட இடங்களிலுமே வெளிப்படும். இவ்வாறு கேட்டபோது, முன்னர் ஆலங்கட்டி மழையாயிருந்தது ஒழுங்காகப் பாவோடிய தறி போலாயிற்று.

நீல் பியர்ட்டின் வரலாற்றை அவன் சொல்லச் சொல்ல நாம் வந்த காரியம் எமக்கே நாணத்தை அளித்தது. பதின்மூன்றாம் பிறந்தநாளில் பெற்றோர் அவருக்குக் கொடுத்தவை இரண்டு குச்சிகள், ஒரு பயிற்சிப் பலகை, ஓர் ஆசிரியர். "ஓராண்டு விடாது பயில்வாயாயின் முரசுகள் வாங்கித் தருவோம்" என்பது உடன்படிக்கை. அவர் பயின்றார், அவர்கள் வாங்கிக் கொடுத்தனர். 1974 இல் றஷ் குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். இரசிகர் அவரைப் 'பேராசிரியர்' என்றே அழைத்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததே எம்மைத் தொட்டது. இருபது ஆண்டுகள் மேடையேறிய பின், 1994 இல், நாற்பத்திரண்டு வயதை எட்டும் நிலையில், தமது வாசிப்பில் விறைப்பு இருப்பதாக உணர்ந்தார். பிரெடி குறூபர் என்னும் முதிய ஆசிரியரை நாடி மாணவராய் அமர்ந்தார். குச்சியைப் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். தோலில் விழும் அடியை விட, ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே கை காற்றில் செல்லும் வழியைக் கவனி என்பதே குறூபர் கற்பித்த பாடம். பின்னர் அவர் வெளியிட்ட கற்பித்தற் காட்சிநாடாவுக்கு 'இன்னும் முடியாத வேலை' என்னும் பொருள்படும் பெயரையே இட்டார். 1997 இல் மகளை வீதி விபத்திலும், அடுத்த ஆண்டு மனைவியை நோயினாலும் இழந்து, மோட்டார் சைக்கிளில் தனியே நெடுந்தூரம் அலைந்த அம்மனிதர், மீண்டு வந்து 2015 வரை மேடையில் வாசித்தார்.

நாற்பத்திரண்டு வயது! எமது வயதும் ஏறத்தாழ அதுவே. கல்லூரியில் எமது மேசை இழுப்பறையில் ஒரு பாடக் குறிப்புப் புத்தகம் உண்டு. ஆசிரியப் பணியின் இரண்டாம் ஆண்டில் எழுதியது. ஓரங்கள் பழுப்பேறிய அந்தப் புத்தகத்தைத் திறந்தே இன்றும் கற்பிக்கின்றோம். பிடியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இதுவரை எமக்குத் தோன்றியதில்லை. ஏரியைப் பார்த்தவாறு சற்று நேரம் பேசாதிருந்தோம்.

அன்று மாலை நயாகராவின் பேரிரைச்சலருகே, நீர்த்துளிகளால் நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தவாறு தங்கை எம்மைத் தனியே அழைத்தாள்.

"சொன்னீங்களோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. அவன்தான் எனக்குச் சொன்னவன்" என்றோம்.

அவள் முகம் மாறியது. பிள்ளை கெட்டுப்போவான் என்னும் தாயின் அச்சத்தை ஏளனம் செய்ய எமக்கு உரிமையில்லை. அகதியாய் வந்து, இரண்டு வேலை பார்த்து வளர்த்த பிள்ளை அவன். ஆகவே கண்டதைக் கண்டபடி கூறினோம். நாள்தோறும் ஒரு மணி நேரம், எவரும் ஏவாமல், ஒரே அடியை மெதுவாக அடித்துத் திருத்தும் பொறுமை எமது வகுப்பில் எத்தனை பேருக்கு உண்டு என்று கணக்கிட்டுப் பார்த்ததையும் கூறினோம். பின்னர் மூவரும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தோம். ஓராண்டு காலம் மாலை ஒரு மணி நேரப் பயிற்சி தடைப்படலாகாது. பல்கலைக்கழகப் படிப்பும் தளரலாகாது. இரண்டும் நிறைவேறினால், அடுத்த ஆவணியில் தங்கை முரசுகள் வாங்கிக் கொடுப்பாள். நிலக்கீழ் அறையிலிருந்து எழப்போகும் ஓசைக்கு அயலவரிடம் மன்னிப்புக் கேட்கும் பொறுப்பு மாமனுடையது.

மாணவ மணிகளே, உங்கள் பெற்றோருக்குக் கலை பிடிக்கவில்லை என்று முறையிடுமுன், அவர்கள் காணும்படி ஓராண்டு உழைத்துக் காட்டுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் அறையிலிருந்து வருவது இரைச்சல் என்று முடிவு கட்டுமுன், ஒரு நிமிடத்துக்கு மேலே கேளுங்கள்.

ஆவணிக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. மருமகன் இதுவரை ஒரு நாளேனும் தவறவில்லை என்று தங்கை தொலைபேசியிற் கூறினாள். அவள் குரலில் சிறிது பெருமையும் இருந்தது. நாமும் புதிய குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கியுள்ளோம். பெட்டியிலிருந்து கழற்றிய அந்த மூன்றெழுத்துச் சீட்டே அதற்குப் பக்க அடையாளம். இன்னும் முதற் சில பக்கங்களே நிரம்பியுள்ளன.