துண்டாகவே கிடக்கிற கூத்து

எங்கட ஹாட் டிஸ்க்கில் குருக்கள்மடத்துப் பெரியவர்கள் ஆடிய வடமோடிக் கூத்து வீடியோக்கள் இருக்கு. ஆடின சிலர் இப்ப இல்லை. டிஃப்ராக் முழுசா ஓடி முடிஞ்ச பிறகும் அதில் சில பைல்கள் துண்டு துண்டாகவே கிடக்கு.

டிஃப்ராக் பழுதில்லை. துண்டுகளை ஒட்ட, பைல் முழுசா அடங்குகிற ஒரே தொடர் வெற்றிடம் வேணும். 20 ஜிபி காலியாக இருந்தாலும் அது சிதறிக் கிடந்தால் 8 ஜிபி வீடியோவுக்கு இடமில்லைதான். எழுவான்கரையில் வீடும் வாவிக்கு அங்கால படுவான்கரையில் வயலும் வைத்திருக்கிற எங்கட ஆக்களுக்கு இது விளங்கும்: வீட்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு வெறுங்காணி எங்க இருக்கு?

விண்டோஸ் விஸ்டா வந்ததில் இருந்து, 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை அதன் டிஃப்ராக் வழமையாகக் கணக்கெடுக்கிறதும் இல்லை. அது நியாயம்தான், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பேஜ்பைல் போல, விண்டோஸ் கையில் பிடித்திருக்கிற பைல்களை அசைக்கவும் ஏலாது.

பார்க்கிறதுக்கு இதால ஒரு கரைச்சலும் இல்லை. எந்தத் துண்டு எங்க என்று சொல்கிற அட்டவணை அழிஞ்சால்தான் பயம். மீட்கிற மென்பொருள் தொடர்ந்து கிடக்கிற பைலைத் தலையில் இருந்து வால் வரை அள்ளிவிடும். துண்டானதில் கட்டியகாரன் வருவான், அரசன் வரமாட்டான்.

வெறும் டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி பண்ணினால் பெரும்பாலும் தொடராகவே எழுதப்படும். இந்தக் கிழமை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.